ஸ்டோர் சாருக்கு அளவில்லாத உயிர்

ஊரில் பாதிப் பேருக்குப் பல் கட்டிக் கொடுத்தவள், தன் வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்தாள். பல்லக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் இங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அவள் வேலை பார்த்தது ஒரு பல் லேபில். பல் மருத்துவர்கள் வாய் அச்சுகளை எடுத்து அனுப்புவார்கள். அவள் மெழுகில் ஈறு வடித்து, வரிசையாகப் பல் பதித்து, செட்டாக்கித் திருப்பி அனுப்புவாள். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை. முகமே பார்க்காத மனிதர்களின் கடைவாய் வரைக்கும் அவளுக்கு அத்துப்படி. லேபில் எல்லோரும் பல்லக்கா என்று கூப்பிட்டார்கள். குடியிருந்த மூன்று மாடிக் கட்டிடத்துக்கும் அந்தப் பெயரே வந்து சேர்ந்து, வீட்டில் வைத்த பெயர் வங்கிக் கணக்கோடு நின்றுவிட்டது.

அவள் கணவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் ஸ்டோர் சார். வேலையில் இருந்த காலத்தில் கிடங்கிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சைக்கூட வீட்டுக்கு எடுத்து வராதவர். வீட்டில் யாருக்காவது தலைவலி வந்தால் கடைக்குப் போய் மாத்திரை வாங்குவார், அதையும் அட்டையைத் திருப்பித் திருப்பிக் காலாவதித் தேதி பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார். அதற்குள் தலைவலி தானாகவே போயிருக்கும். இப்படிப்பட்ட மனிதரை ஆஸ்பத்திரி ஒரு சுவர்க்கடிகாரமும் கைதட்டலும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி வைத்தது. கிடங்கில் இருந்தவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அந்த மூச்சுக்காற்று நேராக வந்து மோதியது பல்லக்காவின் சமையலறையில்.

ஓய்வு பெற்ற மறுநாளே டப்பாக்கள் இடம் மாறின. பழையது முன்னால், புதியது பின்னால். ஒவ்வொன்றின் முதுகிலும் வாங்கிய தேதியும் கெடும் தேதியும் எழுதிய ஸ்டிக்கர். உப்புக்கும் ஒட்டினார். கடலில் இத்தனை காலம் கெடாமல் கிடந்தது, தன் அலமாரிக்கு வந்ததும் கெட்டுவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"இந்த மிளகு எப்ப வாங்கினது?"

"ஞாபகம் இல்லீங்க."

"ஞாபகம் இல்லைன்னா எப்படி? கெட்டுப்போனதைத் தின்னு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"மிளகு கெடாதுங்க."

"அதை மிளகு சொல்லணும். நீ சொல்லக் கூடாது."

பல்லக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். நாளெல்லாம் ஊராரின் பல்லைத் தேய்த்துவிட்டு வந்தவளுக்குச் சமையலறைதான் ஓய்வு. வெங்காயத்தை நறுக்கிக்கொண்டு, யாரோடும் பேசாமல், எதையாவது நினைத்துக்கொண்டு நிற்கிற அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் இப்போது ஆடிட் வந்திருந்தது.

அப்போதுதான் வெளியூரில் இருந்த மகள், அப்பாவுக்கு ஓய்வுக்காலப் பரிசாக ஒரு விலை உயர்ந்த போனை அனுப்பி வைத்தாள். ஸ்டோர் சார் அதில் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். ஒரே மாதிரிப் பழங்கள் மூன்றை வரிசையாகச் சேர்த்தால் அவை உடைந்து மறையும். அவ்வளவுதான் ஆட்டம். கிடங்கை ஒழுங்குபடுத்திய கை அல்லவா, பழத்தையும் விடவில்லை. சோபாவில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

பல்லக்கா வாழ்நாளில் முதல்முறையாக ஒரு விளையாட்டுக் கம்பெனியை மனதார வாழ்த்தினாள். சிக்கல் என்னவென்றால், அந்தக் கம்பெனி தாராளமானது இல்லை. ஆட்டக்காரருக்கு ஐந்து உயிர்தான் கொடுக்கும். ஒரு முறை தோற்றால் ஒரு உயிர் போகும். போன உயிர் திரும்பி வர அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர்கள் காசு கொடுத்து வாங்கலாம். ஸ்டோர் சார் உயிருக்காகக் காசு செலவழிக்கிறவர் இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவருக்கு அதில் எவ்வளவு போகும் என்று தெரியும்.

ஆகவே ஐந்து உயிரும் தீர்ந்ததும் அவர் நேராகச் சமையலறைக்கு வருவார். ஆட்டத்தில் அவர் ஒன்றும் புலி இல்லை, ஆகையால் அடிக்கடி வருவார். தோற்கும்போது அந்தப் போன் அழுவது போல ஒரு ராகம் போடும். பல்லக்கா உள்ளேயிருந்து அந்த ராகத்தை எண்ணுவாள். ஐந்தாவது ராகம் கேட்டதும் எண்ணெய் பாட்டிலை ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி திருப்பி வைப்பாள்.

"உயிர் போயிடுச்சு" என்றபடி உள்ளே வருவார். வந்து அவள் உயிரை எடுப்பார்.

லேபில் அவளுக்குப் பக்கத்து மேஜையில், செட்டுகளுக்குக் கடைசியாகப் பாலிஷ் போடுகிற பெண் ஒருத்தி இருந்தாள். வயதில் சின்னவள், வாய் மட்டும் பெரிசு. பாலிஷ் சக்கரம் சுற்றும் சத்தத்துக்கு நடுவே ஒருநாள் பல்லக்கா தன் குறையை அவளிடம் கொட்டினாள்.

"அட, இதுக்குப் போயா அழறீங்க? எங்க மாமியாருக்கு நான் தீராத உயிர் போட்டுக் குடுத்திருக்கேன்" என்றாள் பாலிஷ்காரி.

"மாமியாருக்கா? தீராத உயிரா? உனக்கென்ன பைத்தியமா?"

"விளையாட்டுலக்கா! நெஜத்துல குடுப்பேனா?"

அவள் சக்கரத்தை நிறுத்திவிட்டு விளக்கினாள். அந்த ஆட்டத்தை யாரோ பிரித்து, உயிர் குறைகிற இடத்தை மட்டும் மாற்றி, மறுபடி மூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோப்பு தன்னிடம் இருக்கிறது. ஆனால் பிரித்து மூட்டியதை இந்த மாதிரிப் போன் ஏற்றுக்கொள்ளாது, ஆட்டத்துக்குள் முத்திரை மாதிரி கம்பெனி போட்டு வைத்திருக்கும் கையெழுத்து கலைந்து போயிருக்கும்.

"அப்ப போனோட பூட்டை உடைக்கணுமா? மகள் வாங்கிக் குடுத்ததுடி. ஏதாவது ஆச்சுன்னா என்னைத் தொலைச்சிடுவாரு."

"பூட்டைத் தொடவே வேணாம். கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கு. அதுல உங்க ஈமெயிலைக் குடுத்தா, இந்த ஆப்பை நீங்களே எழுதின மாதிரியும், சரியா ஓடுதான்னு உங்க போன்லயே சோதிச்சுப் பாக்கற மாதிரியும் உங்க பேர்ல கையெழுத்துப் போட்டுடும். போனும் நம்பிடும். ஒரே ஒரு வாரம் நம்பும். அப்புறம் திரும்பக் கையெழுத்து."

"நான் எழுதினதா? எனக்கு ஈமெயிலே ஒழுங்கா எழுத வராது."

"போனுக்கு அதெல்லாம் தெரியவா போகுது? உடைஞ்ச செட்டை ஒட்டி நாம புதுசுன்னு அனுப்பறதில்லையா, அந்த மாதிரிதான்."

"நாம அப்படி அனுப்பறதில்லடி."

"சரி, நீங்க அனுப்பறதில்ல" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி சக்கரத்தை ஓட்டினாள்.

மறுநாள் மாலை ஸ்டோர் சார் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பைப் பல்லக்கா திறந்தாள். ஈறு வடிக்கும்போது போடுகிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். போனை ஒயரால் இணைத்து, பாலிஷ்காரி அனுப்பியிருந்த கோப்பை எடுத்து, அவள் காகிதத்தில் கிறுக்கிக் கொடுத்தபடி ஒவ்வொன்றாக அழுத்தினாள். எல்லாம் முடிந்து பழப்படம் போனில் வந்து உட்கார்ந்தது. தொட்டால் திறக்கவில்லை. செட்டிங்ஸுக்குள் போகச் சொன்னது. அங்கே அவளுடைய ஈமெயில் முகவரியையே போட்டு, இந்த டெவலப்பரை நீங்கள் நம்புகிறீர்களா என்று ஒரு கேள்வி.

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஒருமுறை படித்தாள். புகுந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளைக் குறித்து இப்படி ஒரு கேள்வியை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. நம்புகிறேன் என்று அழுத்தினாள்.

குளித்துவிட்டு வந்தவர் போனை எடுத்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"உயிர் இருக்கற எடத்துல என்ன எட்டு ஒண்ணு படுத்துக் கெடக்கு?"

"அது எட்டு இல்லீங்க. அளவே இல்லைன்னு அர்த்தம். எவ்வளவு தோத்தாலும் தீராது. நான்தான் போட்டேன்."

"நீயா? எனக்காகவா?"

"பின்ன யாருக்காக?"

ஸ்டோர் சாரின் கண் லேசாகக் கலங்கியது. மனைவி தன் பொழுதுபோக்கில் இவ்வளவு அக்கறை வைத்திருப்பாள் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. பல்லக்காவுக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கூச்சத்தோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பின் வந்தது ஒரு பொற்காலம். கூடத்தில் ராகம் ராகமாகத் தோல்வி ஒலித்துக்கொண்டே இருந்தது, ஆனால் யாரும் உள்ளே வரவில்லை. அவள் சும்மாவே டப்பா மூடியைத் திறந்து போட்டாள். புதிய பருப்பைப் பழைய பருப்பின் தலையில் கொட்டினாள். ஒருநாள் துணிந்து மிளகு டப்பாவின் ஸ்டிக்கரையே கிழித்தாள். வானம் இடியவில்லை.

வாரம் முடிந்த அன்று கூடத்திலிருந்து ஓர் அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால் அவர் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை, விளையாட்டு திறக்கவில்லை.

"அதுக்கு வாரம் ஒருமுறை கையெழுத்துப் போடணும்ங்க. இல்லைன்னா காலாவதி ஆயிடும்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாயை அப்போதே தைத்துக்கொண்டிருக்கலாம்.

"என்ன ஆயிடும்?"

"காலாவதி."

ஸ்டோர் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் முகத்தில் காணாமல் போயிருந்த ஒரு வெளிச்சம் திரும்பி வந்தது. "எக்ஸ்பைரி இருக்கா? இதுக்குமா? எங்க, எப்படின்னு காட்டு" என்றார்.

காட்டினாள். அடுத்த வாரம் அவரே செய்தார். அதற்கடுத்த வாரம் காலாவதி ஆவதற்கு முந்தின நாளே செய்துவிட்டு, போனின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்.

ஆனால் விளையாடுவதை நிறுத்திவிட்டார்.

"ஏங்க, பழம் உடைக்கலையா?"

"என்னத்தை உடைக்கறது? தோத்தாலும் ஒண்ணும் கொறையல. தீராத ஸ்டாக்குக்கு ஸ்டோர் கீப்பர் எதுக்கு?" என்றார். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே தத்துவம் அதுதான். அதைச் சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார்.

இரண்டாவது மாடியில் ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர் ஒருவர் இருந்தார். அவருக்குப் பழைய பாட்டுக் கேட்கப் பிடிக்கும். பல்லவி முடிந்து சரணம் தொடங்குகிற இடத்தில் போன் ஒரு சோப்பு விளம்பரத்தைக் கொண்டுவந்து நுழைக்கும். அவர் சோப்பையே வெறுக்கிற நிலைக்கு வந்திருந்தார். ஸ்டோர் சார் விளம்பரம் வராத பாட்டுச் செயலி ஒன்றைத் தேடிப் பிடித்து, கையெழுத்துப் போட்டு, அவர் போனில் ஏற்றிக் கொடுத்தார். மேனேஜருக்குச் சரணம் கிடைத்தது. அவர் மூன்றாவது மாடியில் இருந்த பழைய பஸ் கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டர், தன்னோடு காலையில் நடக்கிற அத்தனை பேரிடமும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பல்லக்காவின் கூடம் புறநோயாளிகள் பிரிவாக மாறியது. ஓய்வு பெற்றவர்கள் கையில் போனோடு சோபாவிலும் நாற்காலியிலும் வாசற்படியிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டோர் சார் மேஜைக்குப் பின்னால் லேப்டாப்போடு வீற்றிருந்தார்.

"சார், எனக்குச் செஸ், பாட்டு, பேப்பர் படிக்கறது, அப்புறம் ஒரு சீட்டாட்டம்" என்றார் கண்டக்டர்.

"ஒரு போனுக்கு மூணுதான் அலாட்மெண்ட்."

"நாலாவது கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதா?"

"ரூல் நான் போட்டது இல்ல. போன் போட்டது. பஸ்ல நீங்க கூரையில ஆளை ஏத்துவீங்க, இங்க அதெல்லாம் நடக்காது."

கண்டக்டர் சீட்டாட்டத்தைத் தியாகம் செய்தார். மேனேஜருக்கு மட்டும் மனசாட்சி சற்று உறுத்தியது. "சார், அடுத்தவன் எழுதினதை இப்படிப் பிரிச்சு மூட்டறது ஒரு வகையில திருட்டு இல்லையா?" என்று கேட்டார்.

"திருட்டா? நாம எழுதினதாக் கையெழுத்தே போட்டிருக்கோமே சார். கையெழுத்துப் போட்டு எடுத்தா அது எப்படித் திருட்டாகும்?" என்றார், துண்டுப் பஞ்சு எடுக்காத உத்தமர். வங்கியில் காலம் கழித்த மேனேஜருக்கு அந்த வாதம் மிகவும் சரியாகப் பட்டது.

இத்தனை பேருக்கும் தேநீர் போட்டது யார் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு ஆடிட்டரை வெளியேற்றப் போய், ஒரு இலாகாவையே உள்ளே விட்டிருந்தாள். மேனேஜர் சமையலறை வாசலுக்கு வந்து, தனக்குச் சர்க்கரை அரை ஸ்பூன்தான் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். கண்டக்டர் தண்ணீர் குடிக்க வந்து, பால் பாத்திரத்தை மூடி வைக்கலாமே என்று யோசனை சொன்னார். கூடத்திலிருந்து ஸ்டோர் சார், "டீத்தூள் பழைய டப்பாவுல இருந்து எடுத்தியா?" என்று குரல் கொடுத்தார். பல்லக்காவின் கடைவாய்ப் பல் ஒன்று அந்த மாதம் ஆட ஆரம்பித்தது.

இதையும் தாங்கியிருப்பாள். தாங்க முடியாமல் போனது ஒரு வேலை நாளில், லேபில். ஒரு மேல்வரிசை செட்டுக்கு முன்பல் பதித்துக்கொண்டிருந்தாள். மெழுகு இளகி, கை கொஞ்சமும் அசையக் கூடாத நேரம். போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. பாலிஷ்காரி எடுத்து அவள் காதில் வைத்தாள்.

"மேடம், கண்டக்டர் பேசறேன். உங்க செஸ் தொறக்க மாட்டேங்குது."

"என் செஸ்ஸா?"

"ஆமா மேடம். டெவலப்பர்னு உங்க ஈமெயில்தானே போட்டிருக்கு? அதான் நேரா உங்களுக்கே போட்டேன். நம்பர் சார் குடுத்தாரு."

முன்பல் சாய்ந்தது. அதைச் சரிசெய்வதற்குள் மேனேஜர் கூப்பிட்டார், அவள் எழுதிய பாட்டுச் செயலியில் சத்தம் கம்மியாக வருகிறதாம். அதற்கப்புறம் பெயர் தெரியாத ஒருவர் கூப்பிட்டு, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுத் தரும்படியும், தனக்கு அவசரமில்லை, மாலைக்குள் போதும் என்றும் சொன்னார். முதன்முதலில் தன் போனுக்காக அவள் கொடுத்த கணக்கையே எல்லாருக்கும் பயன்படுத்தியிருந்தார் ஸ்டோர் சார். நடைக்குப் போகிறவர்களின் போன்கள் அத்தனைக்கும் அவள்தான் சட்டப்படி டெவலப்பர்.

பாலிஷ்காரி சிரிப்பை அடக்கச் சக்கரத்தை ஓட்டினாள்.

"சிரிக்காதடி. எல்லாம் நீ செஞ்ச வேலை."

"நான் ஒரு உயிர் தீராம இருக்கத்தான் வழி சொன்னேன். நீங்க ஊருக்கே உயிர் குடுத்துட்டீங்க. சரி, பாஸ்வேர்ட் யார்கிட்ட இருக்கு?"

பல்லக்கா கையிலிருந்த செட்டைக் கீழே வைத்தாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அவள் செய்த முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றியது. ஞாயிறு வந்தது, கூட்டம் வந்தது, லேப்டாப் கையை விரித்தது.

"என்ன பண்ணின?" என்றார் ஸ்டோர் சார்.

"நான் டெவலப்பர் வேலையை ராஜினாமா பண்ணிட்டேங்க."

"இத்தனை பேர் வந்திருக்காங்க…"

"வந்தவங்களுக்குத் தண்ணி குடுங்க. டீத்தூள் எக்ஸ்பைரி ஆயிடுச்சு."

மேனேஜர் பெருந்தன்மையானவர். தன் கணக்கைப் பயன்படுத்தலாம், தன் வீட்டிலேயே உட்காரலாம் என்றார். லேப்டாப், ஸ்டிக்கர், ஆட்கள் எல்லாம் ஒரு மாடி ஏறின. கூடத்தில் பல்லக்கா தனியாக உட்கார்ந்தாள். விசிறி ஓடுகிற சத்தம் அவ்வளவு இனிமையானது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஒரு மாதம் போயிருக்கும். மேனேஜரின் மனைவி கீழே இறங்கி வந்தாள். படியில் பார்த்தால் தலையை மட்டும் அசைக்கிற அம்மாள் அவள். இப்போது முகம் வெளிறி, புடவையில் பால் சிந்தியிருந்தது.

"அக்கா, உங்க லேப்ல ஞாயித்துக்கிழமை ஏதாவது வேலை கெடைக்குமா? சம்பளம்கூட வேணாம்."

"ஞாயிறு லீவும்மா. உள்ள வாங்க, உக்காருங்க."

உட்கார்ந்தாள். மேலே கூரையில் நாற்காலிகள் இழுபடும் சத்தமும், "மூணுக்கு மேல கெடையாது" என்ற ஸ்டோர் சாரின் குரலும் கேட்டன.

"நீங்க எப்படிக்கா அவங்களை மேல அனுப்பினீங்க?"

"பாஸ்வேர்டை மாத்தினேன். உங்க வீட்டுக்காரரோட பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? என் பேருதான். பயத்துல வச்சது."

"அப்புறம் என்ன? உங்களுக்கு மேல யாரு இருக்கா?"

மேனேஜரின் மனைவி முதல்முறையாகச் சிரித்தாள். மேல்வரிசையில் இடது ஓரம் ஒரு பல் இல்லை என்பதைப் பல்லக்கா கவனித்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு எல்லாம் மூன்றாவது மாடிக்கு ஏறின. கண்டக்டரின் மனைவி விவரமானவள், ஒரே வாரம்தான் பொறுத்தாள். இரண்டாவது வாரம் படியிறங்கி வந்து, மற்ற இருவரோடும் கலந்து பேசினாள். அதற்கு மேல் மாடி இல்லை, மொட்டை மாடிதான். தண்ணீர்த் தொட்டியின் நிழல் இருக்கிறது, பழைய பெஞ்சு ஒன்று இருக்கிறது, காற்றுக்குக் குறைவில்லை.

"ஆனா அங்க வைஃபை எட்டாதே! இத்தனை போனுக்கும் ஒயர் மாட்டிக்கிட்டு இருக்க முடியுமா? லேப்டாப்பும் போனும் ஒரே நெட்வொர்க்ல இருந்தாத்தான் வேலை நடக்கும்" என்று ஸ்டோர் சார் தடை சொன்னார். தொழில்நுட்பக் காரணம், மறுக்க முடியாதது.

மூன்று பெண்களும் அன்று சாயங்காலமே கடைத்தெருவுக்குப் போனார்கள். வைஃபையை மொட்டை மாடி வரைக்கும் இழுத்துச் செல்கிற கருவி ஒன்றைச் சேர்ந்து வாங்கினார்கள். கடைக்காரர் சின்னது போதுமா என்று கேட்டார்.

"இருக்கறதிலேயே பெரிசாக் குடுங்க. மழையிலும் வேலை செய்யணும்" என்றாள் பல்லக்கா.